கயிறு சாயவில்லை

மார்ச் 3

குண்டுக்காரருக்கு,

தம்பி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்தது. ராணுவத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்து அம்மாவோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டுக்கு? மாடி முன்னறைச் சுவரில் ஓட்டையும் அதன்மேல் நீலத் தார்ப்பாயும் தொங்குகிற வீட்டுக்கா? உங்கள் அண்ணன் விழுந்து கிடந்த தரையை நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய வீட்டுக்கா?

அந்த வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், பீரங்கிப் படையில். ஊரைப் பிடித்து வைத்திருந்தவர்களை விரட்டுகிறோம் என்று சொல்லி எங்கள் தலையில் குண்டைக் கொட்டினீர்கள். பேக்கரிக் கூரை போனது. சந்தைக் கூரை போனது, அதற்குக் கீழே இருந்தவர்களும் போனார்கள். அப்புறம் நம் வீடு. எல்லாம் முடிந்ததும் உங்கள் ஆட்கள் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, உங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். நான் அப்போது மாடியில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். படுக்கைதான். இதயம் வீங்கிவிட்டதாம். டாக்டர் இப்போதெல்லாம் வாரக் கணக்கில்தான் பேசுகிறார், மாதக் கணக்கை விட்டுவிட்டார். நினைவு வருகிறது, போகிறது. கண் விழித்தால் இரண்டே பேச்சு. ஒன்று, "சின்னவன் வந்துட்டானா?" இன்னொன்று, "சுவர்தான் முதல்ல வந்துச்சு, சத்தம் அப்புறம்தான் வந்துச்சு." அன்றைக்கு அவர் கீழே அடுப்படியில் இருந்தார். அதிர்ச்சியில் முன்னது பின்னது குழம்பிவிட்டது. ஒருநாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே இல்லை.

அவர் கேட்கிறார் என்பதற்காக உங்களைக் கூப்பிட மாட்டேன். மூத்த மகனைக் கொன்ற கையால் அவருக்கு மருந்து ஊட்ட வேண்டாம். அதற்கு நான் இருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 11

அண்ணிக்கு,

அண்ணனோடு நீங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை "டேய்", "வாடா", "போடா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். இப்போது நீங்கள், உங்கள். கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், சரி, நிற்கிறேன். ஆனால் கோர்ட்டில்கூட ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தண்டனை கொடுப்பார்கள்.

டயர் கடைக்கு மேலே ஒரு லாட்ஜ் அறையில் இருக்கிறேன். கீழே ரிம்மைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம்கூட எனக்குப் பாதிதான் கேட்கிறது. இடது காது பீரங்கியோடு போய்விட்டது. அண்ணன் செத்த செய்தியை வயர்லெஸ்காரன் சொன்னபோது அந்தக் காதுப் பக்கம் நின்று சொன்னான். இரண்டாம் தடவை சொல்லவைத்தேன். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. அதெல்லாம் உங்களுக்கு எதற்கு? உங்களுக்கு வேண்டியது ஒரு கொலைகாரன். கைக்கு எட்டுகிற இடத்தில் நான் இருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உடைந்தது கூரையா, சுவரா? சுவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

பீரங்கியில் இரண்டு விதமான வேலை உண்டு. ஒன்று, பார்த்துச் சுடுவது. குழாயைக் கிட்டத்தட்ட தரைமட்டத்துக்குப் படுக்கவைத்து, கண்ணாடி வழியாக வண்டியையோ ஜன்னலையோ ஆளையோ பார்த்து அடிப்பார்கள். குண்டு பேய் வேகத்தில் நேராகப் போய் முன்சுவரைத் துளைத்து உள்ளே வெடிக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் அதற்கு எல்லை. நடுவில் ஒரு மேடு வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று நாங்கள் செய்வது. எங்களுக்கும் அடிக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு மலையே நிற்கும். நாங்கள் எதையும் பார்ப்பதில்லை. கொஞ்ச தூரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம் அடித்த ஒரு குச்சியை நட்டுவைத்திருப்போம். நான் குறி பார்ப்பது அந்தக் குச்சியை. அதிலிருந்து இவ்வளவு இடது, இவ்வளவு மேலே என்று கணக்கு வரும். குழாயை வானத்துக்குத் தூக்கிச் சுடுவோம். குண்டு ஏறும், ஏற ஏற வேகம் குறையும், அப்புறம் தலைகுப்புற இறங்கும். மதிலுக்கு மேலே பந்தை வீசினால் அந்தப் பக்கம் மேலிருந்துதான் விழும், படுத்துக்கொண்டு போகாது. மலையைத் தாண்டி வந்த குண்டும் அப்படித்தான். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து தரையில் குழி பறிக்கும். இரும்புச் சில்லு நாலாபக்கமும் அறுத்துக்கொண்டு போகும். பேக்கரிக் கூரையும் சந்தைக் கூரையும் எங்களுடையதுதான். மறுக்கவில்லை.

எங்களுக்குக் கண் வேறு ஒருவர். ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது உயரமான ஜன்னலில் ஒளிந்துகொண்டு, மூன்று கால் ஸ்டாண்டில் தூரக் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்து, "இன்னும் வலது, கொஞ்சம் தூரம்" என்று வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் இல்லாவிட்டால் அத்தனை பீரங்கியும் குருடு. அதனால்தான் சண்டையில் இரண்டு பக்கமும் முதலில் தேடிச் சுடுவது அந்த ஆளைத்தான்.

அம்மா குழம்பவில்லை. பார்த்துச் சுடுகிற குண்டு சத்தத்தை முந்திக்கொண்டு வரும். சுவர் உடைந்த பிறகுதான் பீரங்கிச் சத்தம் காதுக்கு எட்டும். நாங்கள் சுட்டிருந்தால் தூரத்தில் "டொம்" என்று கேட்டு, நீங்கள் கட்டிலுக்கு அடியில் புகுந்து, அப்புறம்தான் குண்டு இறங்கியிருக்கும். ஊரே அப்படிப் புகுந்து புகுந்துதானே பிழைத்தது?

நம்பிக்கை இல்லையென்றால் மாடிக்குப் போங்கள். முன்சுவர் ஓட்டைக்கும் உள்ளே அடிபட்ட இடத்துக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டுங்கள். அது சாய்ந்து வானத்தைப் பார்த்தால் நான் கொலைகாரன். சாயாவிட்டால் அது ஆற்றுப் பாலத்தைப் பார்க்கும். அங்கே எங்கள் படையின் வேறொரு பிரிவு பார்த்துச் சுடுகிற பீரங்கிகளை நிறுத்தியிருந்தது. நான் அதில் இல்லை.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அம்மாவைப் பார்க்க என்னை விடுங்கள்.

சின்னவன்


மார்ச் 20

குண்டுக்காரருக்கு,

கயிறு கட்டினேன். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைப் பின்சுவரில் பெயர்ந்த இடத்தில் ஆணி அடித்துக் கட்டி, மறுமுனையை ஓட்டை வழியாக வெளியே இழுத்துப் பிடித்தேன். எதிர்வீட்டு அம்மாள் இதற்கு மேல் இவளுக்குப் பைத்தியம் முற்ற வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார். கயிறு சாயவில்லை. அங்கேயே துணி காயப்போடலாம், அவ்வளவு நேர். கூரையில் விரிசல் இருக்கிறதே தவிர ஓட்டை இல்லை. கயிற்றோடு கண்ணை வைத்துப் பார்த்தால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிகிறது. யாரோ ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, நீங்கள் கொல்லவில்லை. சந்தோஷமா? வேறொரு பிரிவாம். ராணுவச் சட்டை ஒன்றுதானே? சந்தைக் கூரை எங்களுடையதுதான் என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அங்கே செத்தவர்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு பாடம் எழுதி அனுப்பினீர்களா, நாங்கள் குச்சியைத்தான் பார்த்தோம் என்று?

இப்போது நீங்கள் எனக்குச் செய்திருப்பது என்ன தெரியுமா? இத்தனை நாளும் அது மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு குருட்டுக் குண்டு என்று வைத்துக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாமல் வந்தது, எங்கேயோ விழ வேண்டியது, இங்கே விழுந்துவிட்டது. உங்களைத் திட்டினேன், சாப்பிட்டேன், படுத்தால் தூக்கம் வந்தது. இப்போது ஒருவன் பார்த்தான் என்கிறீர்கள். பாலத்தில் நின்று, கண்ணாடி வழியாக உங்கள் அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் சுட்டான்.

என்ன பார்த்தான்? கல்யாணப் போட்டோவும் பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்துப் பிழைத்த மனிதர். தெருநாயைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தாண்டுகிறவர். அன்றைக்கு அவர் செய்துகொண்டிருந்ததெல்லாம் கேமராவைத் துடைத்ததுதான். அந்தப் பழைய பெரிய கேமரா, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பாரே, முக்காட்டுக்காரி என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அது. கீழே ஸ்டுடியோவில் தினம் ஒரு கண்ணாடி நொறுங்கிக்கொண்டிருந்த வாரம். "கிடக்கட்டும் விடு, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நான் கேட்கவில்லை. சோறு போடுகிற பொருள் இல்லையா? ஸ்டாண்டோடு தோளில் போட்டு நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தச் சின்ன அறையில் மூன்று காலையும் விரித்து நிறுத்த ஜன்னலோரம் தவிர இடம் ஏது? வெளிச்சமும் அங்கேதான். துணிக்குள் தலையை விட்டு, லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் துடைக்கிற துணியை அலசிக் கொண்டுவர இறங்கினேன். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவரைப் பார்த்த பிறகும் ஒருவனுக்கு எப்படி மனசு வந்தது? நீங்கள் எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே. அவன் என்ன பார்த்தான் என்று எழுதுங்கள். எழுதினால் வரலாம், உங்கள் அம்மா பக்கத்தில் உட்காரலாம். எழுதாவிட்டால் கதவு திறக்காது.

உங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 31

பதில் இல்லை. பாடம் எடுக்கும்போது இருந்த வாய் எங்கே போனது? அத்தைக்குக் கால் வீக்கம் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. தண்ணீர்கூட ஸ்பூனில்தான். கேட்டுக்கொண்டே இருக்கிறார், உங்களைத்தான்.


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

மார்ச் 11 அன்று நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். என்னைத் தப்பவைத்துக்கொள்ள எழுதியது. அதில் உண்மை இல்லை.

அந்தக் குண்டு எங்களுடையதுதான். நான்தான் சுட்டேன். பீரங்கியில் வெடிமருந்துப் பையைக் குறைத்துப் போட்டால் குண்டு உயரமாக ஏறாது. தாழ்வாகப் பறந்து தரையோடு படுத்து வரும். அன்றைக்கு அப்படிச் சுட்டோம். கயிறு சாயாததற்குக் காரணம் அதுதான். பாலத்திலிருந்து யாரும் சுடவில்லை. யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. நீங்கள் முதலில் நினைத்ததுதான் சரி. ஒரு குருட்டுக் குண்டு, அந்த வீடாக இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் விழுந்திருக்கும்.

இதில் வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. யாரும் எதையும் வேறு மாதிரிச் செய்திருக்கவும் முடியாது. இதை மட்டும் நம்புங்கள்.

என்னைத் திட்டுங்கள், அது நியாயம். நான் வரவில்லை. எனக்குத் தூரத்தில் வேலை கிடைத்துவிட்டது, லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த ஸ்டாண்டு மிச்சம் மீதி ஏதாவது வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பழைய சாமான்களைப் பார்க்கப் பார்க்க மனக்கஷ்டம்தான்.

சின்னவன்


ஏப்ரல் 10

டேய்,

பொய் சொல்ல உனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. ஸ்டுடியோ டார்க் ரூமைத் திறந்துவிட்டு ஒரு கல்யாணத்துப் படம் முழுக்கக் கெட்டுப்போனபோது, பூனை திறந்தது என்றாய். பூனை எப்படித் தாழ்ப்பாளைத் தூக்கியது என்று உன் அண்ணன் கேட்டபோது முழித்தாய். அதே முழிதான் இந்தக் கடிதத்திலும் தெரிகிறது.

மதிலுக்கு மேலே வீசின பந்து படுத்துக்கொண்டு போகாது என்று எழுதியது யார்? மருந்தைக் குறைத்துத் தாழ்வாகச் சுட்டால் குண்டு மலையிலேயே போய் முட்டும். மலையைத் தாண்ட வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் இறங்கித்தான் ஆக வேண்டும். நீ எடுத்த பாடத்தை நான் ஒழுங்காகப் படித்திருக்கிறேன். அத்தை சொல்கிற சுவரும் சத்தமும் எங்கே போயிற்று? உன் பொய்க்காக அவரை மறுபடியும் குழம்பவைக்கிறாயா?

நான் கொல்லவில்லை என்று மூச்சுமுட்ட எழுதினவன், கதவு திறக்கப் போகிற நேரத்தில் நான்தான் கொன்றேன் என்கிறான். கிழித்துப் போடுங்கள் என்கிறான். கிழிக்கச் சொன்ன கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசிக்காமல் இருக்க நான் என்ன கல்லா? ஸ்டாண்டைத் தூக்கிப் போடுங்கள் என்று வேறு எழுதியிருந்தாய். உயரமான ஜன்னல், மூன்று கால் ஸ்டாண்டு, குனிந்து பார்க்கிற ஆள். உன் கையெழுத்தில்தான் இருந்தது. முதலில் வாசித்தபோது அதை யாரோ ஒருவரைப் பற்றியது என்று தாண்டிப் போயிருந்தேன்.

ஸ்டாண்டில் இரண்டு கால்தான் மிஞ்சியிருந்தது. மூன்றாவதற்கு ஒட்டடைக் கம்பை வைத்துக் கட்டினேன். மேலே ஒரு பிஸ்கட் டின். அதன்மேல் கறுப்புத் துணி. குண்டு வெடித்த வேகத்தில் மூன்று காலும் தரையில் குத்திய பள்ளம் அப்படியே இருக்கிறது, அதிலேயே நிறுத்தினேன். அத்தைக்கு எதிர்வீட்டு அம்மாளைக் காவல் வைத்துவிட்டுப் பாலத்துக்கு நடந்து போனேன். கைப்பிடிச் சுவரோரம் நின்று நம் ஜன்னலைப் பார்த்தேன்.

போட்டோக்காரர் தெரியவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஜன்னலில் மூன்று கால், அதற்குப் பின்னால் கறுப்பாகக் குனிந்த ஒன்று, பாலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. அந்த இடத்தில் நின்ற எனக்கே, நானே செய்துவைத்த பொம்மையைப் பார்த்து, முதுகு சில்லிட்டது. மீன் பிடிக்கிற பெரியவர், "என்னம்மா, தலை சுத்துதா? உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

பாலத்தில் நின்று சுட்டவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இன்னொரு தரம் பார்த்திருக்கலாம். பார்க்கத்தானே அவனுக்குக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள்? ஆனால் அவன் என்ன பார்த்தான் என்று கேட்டேன். இப்போது தெரியும். அவன் பார்த்ததை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான். கிடக்கட்டும் விடு என்று அவர் சொன்னார்.

இதை நேராக எழுதியிருக்கலாம். உனக்கு அந்தக் குச்சிப் பழக்கம் போகவில்லை. உன்னையே குறி வைத்து எழுதினாய், என்மேல் விழக் கூடாது என்று. விழுந்துவிட்டதடா.

எனக்காகக் கொலைகாரனாக நிற்க உன்னை யார் கேட்டது? அண்ணனைக் கொன்ற பழியையும் ஏற்றுக்கொண்டு, பெற்றவளையும் பார்க்காமல் அந்த லாட்ஜிலேயே கிடந்துவிடலாம் என்று பார்த்தாயா? அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டாயா? உன்மேல் எனக்கு முன்பு இருந்ததைவிட இப்போதுதான் அதிகக் கோபம். முன்பாவது திட்டுவதற்கு ஒருவன் இருந்தான். அதையும் கெடுத்துவிட்டாய். சந்தைக் கூரைக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நான் விடப்போவதில்லை. அங்கே செத்த காய்கறிக்காரியின் மகள் நம் தெருவில்தான் இருக்கிறாள், நீ வந்தால் அவள் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு ஓடாதே. நின்று பேசு.

அத்தை இன்று காலையில் கண் விழித்தார். சின்னவன் வந்துட்டானா என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சுவர்தான் முதல்ல வந்துச்சு" என்றார். இத்தனை நாளும் நான் அதற்கு, "சரி சரி, தூங்குங்க" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிடுவேன். இன்று, "ஆமா அத்தை, சுவர்தான் முதல்ல வந்துச்சு, சத்தம் அப்புறம்தான் வந்துச்சு" என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பு. பகலில் கதவு சாத்தியிருந்தாலும் தாழ் போட்டிருக்காது. அத்தையின் இடது பக்கம் உட்கார், உன் நல்ல காது அவர் பக்கம் இருக்கும். பேச்சு இப்போது ரொம்ப மெலிதாகத்தான் வருகிறது. எனக்கு ஆறுதல் மட்டும் சொல்லாதே. சொன்னால் வந்த வழியே அனுப்பிவிடுவேன்.

அந்த ஸ்டாண்டு இன்னும் ஜன்னலில்தான் நிற்கிறது. பாலத்திலிருந்து திரும்பி வந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் மாடி ஏறினேன். அன்றைக்குக் கேமராவோடு தோளில் போட்டுத் தூக்கிப் போனவள்தான். இப்போது வெறும் இரண்டு காலும் ஒரு ஒட்டடைக் கம்பும். கை வரவில்லை. நீ வந்து எடு.

அண்ணி